ஸ்லோ நிற்கவில்லையா? ஃபோர் ஸ்ட்ரோக் மாடல் விமான இன்ஜினுக்கு ஐடில் மிக்சர் வைக்க எந்த வழி நல்லது

டெல்டாவில் மாடல் விமானம் பறக்கவிடுகிறவருக்கு இன்ஜின் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது பெரிய விஷயமில்லை. எவ்வளவு மெதுவாக, நிற்காமல் ஓடுகிறது என்பதில்தான் பாடு இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று தை, மாசி வரை வயலெல்லாம் ஈரம். அறுப்பு முடிந்தால் தரை கிடைக்கும் என்று பார்த்தால், அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்தும் பயறும் தாளுக்கு நடுவே முளைத்து நிற்கும். நமக்கு மிஞ்சுவது ஒரு களத்துமேடு, காய்ந்த ஏரிப் படுகையின் ஓரம், பங்குனி சித்திரையில் கொள்ளிடத்து மணல் திட்டு. நீளம் குறைச்சல். சுற்றிலும் தென்னை, கரும்பு, வாய்க்கால். இறங்க வரும் நேரத்தில் ஐடிலில், அதாவது த்ராட்டிலை மூடிய மெதுவான ஓட்டத்தில், இன்ஜின் நின்றுபோனால் இன்னொரு சுற்று வரலாம் என்ற பேச்சே கிடையாது. விமானம் யாருடைய உளுந்துக் கொல்லையிலாவது போய் உட்காரும். அதை எடுக்கப் போகும்போது மிதிபடும் செடிக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஐடில் மிக்சரை, அதாவது அந்த மெதுவான ஓட்டத்தில் காற்றும் எரிபொருளும் சேரும் அளவை, சரியாக வைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எரிபொருள் ட்யூபைக் கிள்ளிப் பார்ப்பது ஒன்று. ஐடிலில் விட்டு, சட்டென்று த்ராட்டிலைத் திறந்து காதால் கேட்பது இன்னொன்று. டாக்கோமீட்டரை வைத்து ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்ணைப் பார்ப்பது மூன்றாவது. மிக்சரைத் திருத்தும் ஸ்க்ரூவையே தொடாமல், ப்ளக்கை மாற்றி அல்லது ஐடில் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிச் சமாளிக்கிறவர்களும் உண்டு. என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கிள்ளிப் பார்த்து வைக்க வேண்டும், த்ராட்டிலைத் திறந்து உறுதி செய்ய வேண்டும், டாக்கோமீட்டர் சாட்சிக்கு மட்டும். ஏன் இந்த வரிசை என்பதற்கு இன்ஜினுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ஓ.எஸ். நிறுவனம் 1976-இல் எஃப்.எஸ்.-60 இன்ஜினைக் கொண்டுவந்த பிறகுதான் ஃபோர் ஸ்ட்ரோக் மாடல் விமானப் பொழுதுபோக்கில் பரவலாயிற்று. சைட்டோ, ஒய்.எஸ். கம்பெனிகளின் இன்ஜின்களும் அடுத்தடுத்து வந்தன. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. 2,400 ஆர்.பி.எம். ஐடில் என்றால் நிமிடத்துக்கு 1,200 வெடிப்பு, விநாடிக்கு 20. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே க்ளோ ப்ளக்கின் பிளாட்டினக் கம்பி தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பைக் ப்ளக்கைப் போல் இங்கே பொறி கிடையாது. ஸ்டார்ட் செய்ய மட்டும் 1.5 வோல்ட் கொடுக்கிறோம். அதன் பிறகு மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது எழும் வினைதான் கம்பியைச் செக்கச்செவேலென்று வைத்திருக்கிறது. எரிபொருள் மிகுந்து (இதுதான் ரிச்), கலவை ஈரமாக வந்து விழுந்தால் கம்பி அணையும். காற்று மிகுந்தால் (இது லீன்) கலவையே பற்றாது. இந்த இரண்டு விளிம்புக்கும் நடுவே டூ ஸ்ட்ரோக்கில் இருக்கிற தாராளம் இதில் இல்லை. ஓ.எஸ். கம்பெனி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கென்றே ‘எஃப்’ வகை ப்ளக்கைத் தனியாக விற்பதும் இதனால்தான்.

ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன்

இந்த ஒரு விஷயத்தில் தடுமாறினால் கீழே சொல்லும் மூன்று வழியும் வீண். ஐடில் ஸ்க்ரூவில் இரண்டு ஜாதி இருக்கிறது, இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்யும்.

ஒன்று ஏர் ப்ளீட். கார்புரேட்டரின் முன்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும், அதன் குறுக்கே ஸ்ப்ரிங் போட்ட சிறிய ஸ்க்ரூ. ஐடிலில் அந்த ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று போகிறது. ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினால் காற்று அடைபட்டு ரிச் ஆகும். வெளியே எடுத்தால் லீன். மற்றது ட்வின் நீடில். ஃபுல் த்ராட்டிலுக்கான எரிபொருளை அளக்கும் மெயின் நீடிலுக்கு எதிர்ப்பக்கம், த்ராட்டில் கை இருக்கும் இடத்தின் நடுவே, குழிக்குள் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அது காற்றைத் தொடுவதில்லை. எரிபொருளை மறிக்கிறது. ஆகவே உள்ளே முறுக்கினால் லீன், வெளியே எடுத்தால் ரிச்.

பைக் கார்புரேட்டரைக் கழற்றிப் பழக்கப்பட்டவருக்கு இது புதிதில்லை. ஏர் ஃபில்டர் பக்கம் ஸ்க்ரூ இருந்தால் அது காற்றை அளக்கிறது, இன்ஜின் பக்கம் இருந்தால் எரிபொருளை அளக்கிறது என்று பட்டறையில் சொல்வார்களே, அதே கணக்குத்தான் இங்கேயும்.

இரண்டில் எது என்று பார்வையில் பிடிபடவில்லை என்றால் ஊதிப் பாருங்கள். கார்புரேட்டரின் எரிபொருள் முனையில் ஒரு துண்டு ட்யூபைச் செருகி, மெயின் நீடிலைச் சில சுற்று திறந்துவிட்டு, த்ராட்டிலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மட்டும் திறந்து வையுங்கள். ட்யூபில் மெல்ல ஊதிக்கொண்டே ஐடில் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். காற்று போவது குறைந்தாலோ கூடினாலோ அது ட்வின் நீடில். எத்தனை திருப்பினாலும் மாற்றம் இல்லையென்றால் ஏர் ப்ளீட். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ட்வின் நீடிலில், காற்று அடைபட்டுப் போய் மறுபடி மெல்லக் கசியத் தொடங்கும் இடம் ஆரம்ப நிலைக்கு ஏற்றது. இன்ஜின் அங்கே ஸ்டார்ட் ஆகிவிடும். ஏர் ப்ளீடில் ஸ்க்ரூவின் முனை ஓட்டையைப் பாதி மறைத்தால் போதும்.

மற்ற முன்வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்வ் இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, 0.04 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் வால்வ் கொஞ்சம் திறந்தே நின்றால் கம்ப்ரெஷன் கசியும், ஐடில் நிற்காது, நீங்கள் நாள் முழுக்க ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டலாம். டேங்கின் நடுக்கோடு நீடிலின் உயரத்துக்கு ஏறத்தாழச் சமமாக, வேண்டுமானால் கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும். எப்போதும் மெயின் நீடில் முதலில், ஐடில் பிறகு. எரிபொருள் மெயின் நீடிலைக் கடந்துதான் ஐடில் நீடிலுக்கே வருகிறது. பின்னால் மெயின் நீடிலைத் தொட்டால் முன்பு வைத்த ஐடில் கலையும். ஃபுல் த்ராட்டிலில் உச்ச வேகம் கண்டு, அங்கிருந்து 200 முதல் 400 ஆர்.பி.எம். குறையும்வரை ரிச் பக்கம் திறந்துவிடுங்கள். உச்சத்திலேயே விட்டு ஓட்டுவது ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஆகாது. லீனாகி டெட்டனேஷன் (கலவை முறைதவறி வெடிப்பது) வந்தால் ப்ரொப்பல்லர் நட்டையே உதைத்துக் கழற்றிவிடும். இரட்டை லாக் நட் போடச் சொல்வது அழகுக்கு அல்ல.

கிள்ளிப் பார்ப்பது

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, க்ளோ பேட்டரியை எடுத்துவிட்டு, 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம். வரை ஏதோ ஒரு ஐடிலில் நிறுத்தி, பத்துப் பதினைந்து விநாடி ஓடவிட வேண்டும். பிறகு, ப்ரொப்பல்லருக்குப் பின்பக்கம் நின்று, கார்புரேட்டருக்கு எரிபொருள் போகும் ட்யூபை விரலால் நெரித்துப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். காதைக் கொடுங்கள்.

பிடித்த உடனே, எந்த ஏற்றமும் இல்லாமல், பட்டென்று நின்றால் லீன். ஏற்கெனவே பட்டினியில் ஓடுகிறது. கொஞ்ச நேரம் அப்படியே ஓடி, வேகம் மெல்ல ஏறி, நூறு இருநூறு ஆர்.பி.எம். கூடி, பிறகு நின்றால் அதுதான் நமக்கு வேண்டிய நிலை. நெடுநேரம் ஏறிக்கொண்டே போய், தனக்கு உயிர் வந்ததுபோல் சீறிவிட்டுப் பிறகு அணைந்தால் ரிச். கார்புரேட்டரில் மிச்சம் கிடந்த எரிபொருள் குறையக் குறையக் கலவை லீன் பக்கம் நகர்கிறது. நகரும் வழியில் சரியான இடத்தைக் கடக்கும்போது வேகம் ஏறுகிறது. எவ்வளவு தூரம் தள்ளி இருந்தது என்பதை ஏறும் அளவே சொல்லிவிடும்.

இந்த வழியை நான் தூக்கிப்பிடிப்பதற்குக் காரணம், இது ஐடில் மிக்சரை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. ப்ளக் சுமாராக இருந்தாலும், மெயின் நீடில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பதிலில் பெரிய குழப்பம் வராது. கருவி எதுவும் வேண்டாம். கிராமத்துக் களத்தில், பக்கத்தில் பம்புசெட் ஓடுகிற சத்தத்திலும், வேகம் ஏறியதா இறங்கியதா என்பது கேட்டுவிடும்.

இதற்கென்று சில நுணுக்கங்கள் உண்டு. எப்போதும் ஒரே இடத்தில் கிள்ளுங்கள், அதுவும் கார்புரேட்டருக்குப் பக்கத்தில். டேங்க் பக்கம் கிள்ளினால் ட்யூபில் மிச்சமிருக்கும் எரிபொருளைக் குடித்து முடிக்கவே நேரமாகும், ரிச் என்று தப்பாகப் படும். ஐடிலில் எரிபொருள் போவதே சொட்டுச் சொட்டாகத்தான். ட்யூபின் இரண்டு அங்குல வித்தியாசம்கூடப் பல விநாடியாகத் தெரியும். இன்ஜினை மூடும் கூடான கௌலுக்குள் ட்யூப் மறைந்திருக்கும் விமானங்களில் விரல் போகாது. அப்படிப்பட்ட விமானம் கட்டுகிறவர்கள் ட்யூபில் ஒரு கண்ணியை வெளியே விட்டுக் கட்டினால் பின்னால் புண்ணியம். ஒய்.எஸ். இன்ஜின்களுக்கு மட்டும் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். அதில் எரிபொருள் அழுத்தத்தில் வருகிறது, ரெகுலேட்டர் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கையேட்டைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், முடிவை நெருங்கும்போது பதினாறில் ஒன்று. மிக்சர் சரியாக வரவர ஐடில் வேகம் தானாக ஏறும். ரிமோட்டின் த்ராட்டில் ட்ரிம்மில் அதை இறக்கிவிட்டு மறுபடி கிள்ளிப் பாருங்கள். இந்தச் சுற்றை அலுப்பில்லாமல் சில தடவை போய்வந்தால்தான் நிலைக்கும். பொறுமை இல்லாதவர் ஒரே தடவையில் நிறுத்திவிட்டு, பிறகு மைதானத்தில் எல்லோரிடமும் இன்ஜினைத் திட்டுகிறார்.

திறந்து பார்ப்பது

மைதானத்தில் அதிகமாக நடப்பது இந்த வழிதான். இருபது முப்பது விநாடி ஐடிலில் விட்டு, த்ராட்டிலைச் சட்டென்று முழுசாகத் திறக்க வேண்டும். இன்ஜின் குதித்து ஏறினால் சரி. குடுகுடுவென்று தண்ணீர் குடிப்பதுபோல் சத்தம் போட்டு, புகை கக்கி, தயங்கித் தயங்கி ஏறினால் ரிச். புகையே இல்லாமல், ஒரு நொடி மௌனமாகி, அப்படியே நின்றால் லீன்.

திறப்பதற்கு முன்பே ஒரு குறிப்பு கிடைத்துவிடும். ஐடிலில் நிற்கிற அந்த முப்பது விநாடியில் வேகம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் உள்ளே எரிபொருள் தேங்குகிறது, ரிச். ஏறிக்கொண்டே போனால், அல்லது ஏறுவதும் இறங்குவதுமாக அலைந்தால், லீன்.

வானத்தில் நமக்கு உண்மையில் வேண்டியது இந்தப் பிக்கப்தான் என்பது இந்த வழியின் பலம். இறங்க வந்து, காற்று தூக்கிவிட்டு, மறுபடி ஏற வேண்டிய நேரத்தில் இன்ஜின் பதில் கொடுக்குமா என்ற கேள்விக்கு நேரடியான விடை இது. பலவீனம், இதற்குப் பழகிய காது வேண்டும். தயக்கத்துக்குக் காரணம் ஐடில் மிக்சர்தானா, செத்துக்கொண்டிருக்கிற ப்ளக்கா, ஒத்தாசைக்கு வராத மெயின் நீடிலா என்று புதியவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. லீனாகித் தயங்குவதையும் ரிச்சாகித் தயங்குவதையும் மாற்றிப் புரிந்துகொண்டு, எதிர்ப்பக்கமே திருப்பிக்கொண்டு போகிறவர்களை மைதானத்தில் தாராளமாகப் பார்க்கலாம். புகை இருந்ததா இல்லையா என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். இதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னச் சோதனையும் வையுங்கள். ஐடிலில் ஓடும்போது க்ளோ பேட்டரியை எடுங்கள். வேகம் இலேசாக விழுவது சகஜம். தொபுக்கென்று விழுந்தால் ஒன்று மிக்சர் மிகவும் ரிச், இல்லையென்றால் ப்ளக் போயிற்று. புதுப் ப்ளக் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

மூக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதும் இந்த வகைதான். ஒருவர் விமானத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டு மூக்கை உயர்த்தினால் டேங்க் இன்ஜினுக்குக் கீழே போய்க் கலவை லீனாகும். ஐடிலில் அந்த நிலையிலும் சில விநாடி தாங்க வேண்டும். இதற்கு மறுபக்கத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இறங்கும்போது மூக்கு தாழ்கிறது, டேங்க் மேலே வருகிறது, கலவை ரிச்சாகிறது. கூடவே எதிர்க்காற்று இன்ஜினைக் குளிர்விக்கிறது. தரையில் சமாளித்த சற்றே ரிச்சான ஐடில், நீண்ட இறக்கத்தில் தேங்கி அணைவது இப்படித்தான். ‘பயமாக இருந்தால் ரிச்சாக வை’ என்ற பொது அறிவுரை மெயின் நீடிலுக்குப் பொருந்தும், ஐடிலுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். தரையில் விமானம் இருக்கும்போதே மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி அரை நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு திறந்து பாருங்கள். நம் ஊர்க் குட்டை மைதானத்துக்கு இந்தச் சோதனைதான் உயிர்.

டாக்கோமீட்டர்

எண்ணைப் பார்த்தால் ஐயம் தீரும் என்ற நம்பிக்கை நம்மிடம் நிறைய உண்டு. மெயின் நீடிலுக்கு டாக்கோமீட்டர் அருமையான துணை. ஐடிலுக்கு அதையே எசமானாக்கினால் வம்பு. ஐடிலில் அதிகபட்ச எண் கிடைக்கும் மிக்சர் கொஞ்சம் லீனாகவே இருக்கும். எண்ணைத் துரத்திக்கொண்டு போகிறவர் அங்கே போய் நிற்பார், திறந்தவுடன் இன்ஜின் மௌனமாகும். இரண்டு மூன்று விநாடியில் முடிந்துபோகும் தயக்கத்தையும் அந்தக் கருவி காட்டாது.

ஆனாலும் பையில் ஒன்று இருக்கட்டும். போன வாரம் வைத்த ஐடில் இந்த வாரமும் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க அதைவிட நல்லது இல்லை. கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே வழியுண்டு. பழைய சோக் வைத்த ட்யூப் லைட் இருந்தால், கருவியை இரட்டை இலை ப்ரொப்பல்லருக்கு வைத்து விளக்கின் பக்கம் காட்டுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும், கருவி 3,000 காட்ட வேண்டும். எல்.ஈ.டி. பல்பில் இது நடக்காது. அதே காரணத்தால் ட்யூப் லைட் எரிகிற கொட்டகைக்குள் இன்ஜினை அளந்தால் 3,000 என்று பிடிவாதம் பிடிக்கும், ஏமாறாதீர்கள்.

நம் ஊர் வெயிலும் புழுக்கமும்

எந்த வழியில் வைத்தாலும் வைத்த நாளின் காற்றுக்குத்தான் அது சரி. பங்குனியில் அதிகாலை 22 டிகிரி, மதியம் 37 டிகிரி என்று வைத்துக்கொண்டால் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைகிறது. எரிபொருள் அதே அளவு வந்துகொண்டிருக்க, காற்று இளைத்துவிடுவதால் இன்ஜின் ரிச் பக்கம் சாயும். காலையில் வைத்தது மதியம் குடுகுடுப்பது இதனால். மார்கழிக் குளிரில் நேர்மாறாக லீனாகும். ஐப்பசி கார்த்திகைப் புழுக்கத்துக்கும் பங்கு உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் காற்றில் சுமார் 3 சதவீதம் நீராவிதான், அத்தனை அளவு ஆக்சிஜன் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றில் ஓட்டுகிறவர்களுக்கு இது அன்றாடம். மேட்டுநிலத்து ஊர்களின் அமைப்பை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்தால் பொருந்தாது.

ஈரம் இன்னொரு பக்கமாகவும் வரும். மெத்தனால் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். மழைக்காலத்தில் மூடி சரியாக இறுகாத கேன் ஒன்று சில வாரம் கிடந்தால், அந்த எரிபொருளில் ஐடில் நிற்கவே நிற்காது. எந்தப் பக்கம் திருப்பினாலும் திருப்தி வராது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இன்ஜின் இன்று அடம்பிடித்தால் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் புதுக் கேன் திறந்து பாருங்கள். சிறிய கேன்களில், கழுத்துவரை நிரப்பி வைப்பது நல்லது. உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும்.

கேன் என்று பேச்சு வந்ததால் ஒன்று. தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு உரிமக் கட்டுப்பாடு இருக்கிறது, காரணம் ஊருக்கே தெரியும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. முறையான கடையில் கலந்து விற்கும் மாடல் எரிபொருளை வாங்குங்கள். ஒருபோதும் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். விளக்கெண்ணெய் மெத்தனாலில் கரையும் என்பது உண்மைதான். அதற்காக மளிகைக் கடை விளக்கெண்ணெயை ஊற்றிச் சொந்தமாகக் கலக்கலாம் என்று கிளம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. வால்வில் பிசினாகப் படிந்தால் பிறகு ஐடில் என்ன, இன்ஜினே திணறும்.

ஸ்க்ரூவைத் தொடாமல் சமாளிக்கும் வழிகள்

ஐடில் வேகத்தை 2,300-இலிருந்து 2,800-க்கு ஏற்றிவிட்டால் பிரச்சினை மறைந்துவிடும். மறைந்துவிடும் என்றேன், தீரும் என்று சொல்லவில்லை. நீண்ட ஓடுபாதை இருக்கும் ஊரில் இது பரவாயில்லை. நம் களத்தில் விமானம் இறங்காமல் மிதந்துகொண்டே போய் வரப்பில் முட்டும். இதற்குப் பதில் ப்ரொப்பல்லரை மாற்றிப் பார்க்கலாம். 15 சி.சி. இன்ஜினில் 13-க்கு 8 (விட்டம் 13 அங்குலம், சாய்வு 8 அங்குலம்) போட்டிருந்தால் 14-க்கு 6 போடுங்கள். விட்டம் கூடி, சாய்வு குறைந்த ப்ரொப்பல்லர் ஐடிலில் விமானத்தை முன்னே இழுப்பதைக் குறைத்து, இறங்கும்போது பிரேக் மாதிரி நிற்கும். கனமான வீச்சு ஐடிலையும் சீராக்கும். என்ன, உச்ச வேகம் கொஞ்சம் போகும்.

நைட்ரோமீத்தேன் 10, 15 சதவீதம் உள்ள எரிபொருளில் ஐடில் லேசாக நிற்கும், பிக்கப்பும் கூடும். காசும் கூடும். விமானத்திலேயே ஒரு பேட்டரி வைத்து, ஐடிலில் மட்டும் ப்ளக்குக்குச் சூடு கொடுக்கும் ஆன்போர்டு க்ளோ ஏற்பாட்டை நான் மதிக்கிறேன், அதிலும் தலைகீழாக இன்ஜின் பொருத்திய விமானங்களில். இறக்கத்தில் தேங்கி அணைவதற்கு அது நல்ல காப்பு. ஆனால் தப்பாக வைத்த மிக்சருக்கு மேல் அதை மாட்டினால் பேட்டரி தீரும் நாளில் தெரியும்.

யாருக்கு எது

முதல் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியிருப்பவர் கிள்ளிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். ஏற்றம் வந்ததா, எவ்வளவு வந்தது என்ற ஒரே கேள்விக்கு மட்டும் பதில் தேடினால் போதும் என்பதால் புதியவருக்கு இதுவே எளிது. அது சரியான பிறகு மூக்கைத் தாழ்த்தி அரை நிமிடம், பிறகு திறப்பு. இரண்டும் ஒத்துப்போனால் பறக்கவிடலாம். கிள்ளும்போது சரியாகவும், தாழ்த்தித் திறந்தால் குடுகுடுப்பாகவும் இருந்தால் பதினாறில் ஒரு சுற்று மட்டும் லீன் பக்கம் போங்கள், அதற்கு மேல் வேண்டாம். காது பழகியவர்களுக்கு, ஒரே இன்ஜினை வருடக்கணக்காக ஓட்டுகிறவர்களுக்கு, திறந்து பார்ப்பதே போதும். பல இன்ஜின் வைத்திருப்பவரும், காலை மாலை இரண்டு வேளையும் பறக்கவிடுகிறவரும் டாக்கோமீட்டரில் அன்றைய ஐடில் எண்ணைக் குறித்து வைத்தால் அடுத்த மாற்றம் எவ்வளவு என்பது தெரியும்.

எங்கே பறக்கவிடுவது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 முதல் சுகோய்-30 அணி அங்கே நிற்கிறது. திருச்சியில் விமான நிலையம். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வந்தபின் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வான்வெளி வரைபடம் கிடைக்கிறது. அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாத சிவப்புப் பகுதிக்குள் களம் இருந்தால் வேறு களம் தேடுங்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கும் வடுவூர் பறவைகள் சரணாலயப் பக்கம் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

இனிமேல்தான் இன்ஜின் வாங்கப்போகிறீர்கள், ஏர் ப்ளீடா ட்வின் நீடிலா என்று கேட்டால், இரண்டும் ஒரே விலையில் கிடைக்கும்போது ட்வின் நீடில். ஏர் ப்ளீடில் ஐடிலுக்கும் கால் த்ராட்டிலுக்கும் நடுவே மிக்சர் நம் கைக்குள் அவ்வளவாக வராது. அந்தச் சின்ன ஓட்டையில் கோடைத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ஐடில் சத்தமில்லாமல் ரிச்சாகிவிடும். களத்துமேட்டில் பதர் பறக்கிற மாசத்தில் இது அடிக்கடி நடக்கும். ஆனால் பழைய ஏர் ப்ளீட் இன்ஜின் ஒன்று சல்லிசாக, நல்ல கம்ப்ரெஷனோடு கிடைத்தால் விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் பறக்கவிடுவதற்கு முன் பல் துலக்கும் பிரஷால் ஓட்டையைத் துடைத்துவிட்டால் அது வருடங்கள் உழைக்கும்.